வைக்கோல் ஊறிய தண்ணீர்

2025 ஜனவரி 20, திங்கள்

பால் பாக்கெட் உடைந்து ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்துகிடந்தது. துடைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் டின் ஃபேக்டரி சந்திப்பில் நெரிசல் கட்டிக்கொண்டது. ஆய்வகத்துக்குள் தலையை நீட்டினால் எங்கள் தலைவர் வைத்தீஸ்வரன் சார் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என நினைத்தேன்.

"அனுமதி வந்துடுச்சு வேதநாயகி. கரிகுண்டே ஏரி. ஜாடியில பார்த்ததெல்லாம் போதும், இனிமே வைக்கோலை ஏரியில போட்டுப் பாருங்க" என்றார்.

இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்?

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் கணேசமூர்த்திக்கு என் பாசிக் கதைதான் பொழுதுபோக்கு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ராகி வைக்கோல் தண்ணீரில் மெல்ல மெல்ல மக்கும்போது துவர்ப்பான சேர்மங்கள் கசியும். தேயிலையில், கடுக்காயில் இருக்கிற அதே குடும்பம்தான். வெயிலும் காற்றும் பட்டால் அவை நீலப்பச்சைப் பாசியைப் பெருக விடாது. மருந்து கிடையாது, மிஷின் கிடையாது.

"அப்ப ஏரி முழுக்க டிகாஷன் போடப்போறே."

"அப்படித்தான் வெச்சுக்குங்க."

"பாசி செத்துடுமா?"

"சாகாது. இருக்கிறது வயசாகிப் போயிடும். புதுசு வராது."

"நம்ம தெரு மாதிரி" என்றார். இந்த ஜோகுபாளையம் சந்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வெளியூர் போய்விட்டார்கள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஏரியைப் போய்ப் பார்த்தேன். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதுமே மூக்கு வழிகாட்டியது. அதைத் தண்ணீர் என்று எழுதக் கை வரவில்லை. பச்சை பெயின்ட் டப்பாவைத் திறந்துவைத்த மாதிரி ஓரமெல்லாம் ஆடை படிந்து, வெயிலில் வெடித்து, வெடிப்பில் நீலம் ஓடிக்கிடந்தது. எதிர்க்கரையில் புது அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனிகளில் எல்லாம் கண்ணாடி இழுத்து மூடியிருந்தது.

மீன் குத்தகைக்காரர் பெயர் மதலைமுத்து. மணப்பாட்டுப் பக்கம் ஊர். கடல் தொழில் பார்த்த குடும்பம். இங்கே வந்து ஏரி மீனுக்கு மாறிவிட்டார். மனைவி மௌரீனோடு கரையிலேயே தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார். எடுத்த எடுப்பிலேயே என்னை அக்கா என்றார்.

"மீன் கெடக்குக்கா. புடிச்சு வித்தா, வாங்குனவங்க மறுநாளு கொண்டாந்து மூஞ்சில வீசுதாங்க. சேத்து வாடைங்காங்க."

அது சேற்று வாடை இல்லை, பாசி விடும் வாடை, மீனின் சதையில் ஏறிக்கொள்ளும் என்று சொன்னேன்.

"அப்ப பாசி போனா வாடை போயிருமா?"

"போகணும் தம்பி."

"போகுமா, போகணுமாக்கா?"

தண்ணீர் எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வைக்கோல் இறங்கியது. ஹொசக்கோட்டையிலிருந்து லாரி. பழைய மீன்வலைகளைப் பை மாதிரி தைத்து, உள்ளே தளர்வாக வைக்கோல் திணித்து, காலி தண்ணீர் கேன்களைக் கட்டி மிதக்கவிட்டோம். இறுக்கிக் கட்டக் கூடாது, அடியில் மூழ்கக் கூடாது என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். காற்றில்லாமல் அழுகினால் கிடைப்பது துவர்ப்பு இல்லை, நாற்றம். அதுவும் போதாதென்று தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

வலை தைத்துத் தைத்து மௌரீனின் விரல் நுனியெல்லாம் வெட்டு. "சர்ச்சுல ஃபாதர் கேட்டாரு, என்னம்மா கையின்னு. ஏரிக்கு சட்டை தைக்கிறேன்னு சொன்னேன்" என்றாள்.

பால்கனிகளில் நின்று போனில் படம் எடுத்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பச்சை.

மார்ச் 15, சனி

இன்னும் பச்சை. போன வாரத்தைவிட அடர்த்தி. வைக்கோல் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று எல்லோருக்கும் சொன்னவள் நான்தான். எனக்கு யார் சொல்வார்கள்?

மௌரீன் சாப்பிடாமல் போகக் கூடாதென்று உட்காரவைத்துவிட்டாள். ஏரி மீன் குழம்பு. புளியை அள்ளிக் கரைத்திருந்தாள், பூண்டை அள்ளிப் போட்டிருந்தாள். அதையும் மீறி வாடை வந்தது. மூவரும் சாப்பிட்டு முடித்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்துவிட்டது. நடந்தே விட்டது!

வடக்கு மூலையில் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது. லேசான டீ நிறம். கையை விட்டால் விரல் தெரிகிறது. ஆய்வகத்துக்கு ஓடிவந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். போன மாதம் கண்ணை நிறைத்துக் கிடந்த கூட்டத்தில் இன்று அங்கொன்று இங்கொன்று. வைத்தீஸ்வரன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மதலைமுத்து போன் பண்ணினார். "எக்கா, வலை இறங்குறது தெரியுது. ஆழத்துல. கண்ணுக்குத் தெரியுதுக்கா." அதையே மூன்று தடவை சொன்னார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

மௌரீன் ஆள் விட்டு மீன் அனுப்பியிருந்தாள். வறுத்தேன். வாடை இல்லை. இவருக்கு ஒன்றுமே சொல்லாமல் தட்டில் வைத்தேன். "எந்தக் கடை?" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எதிர்க்கரைக் குடியிருப்புச் சங்கத்தில் கூட்டம். செயலாளர் தருண், கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், நீங்க பண்றது நல்லதுதானுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பச்சையா இருந்துச்சு, இப்ப ப்ரவுனா இருக்கு. டிரெய்னேஜ் வாட்டர்னு எல்லாரும் கேக்கறாங்க. லேக் வியூன்னு சொல்லித்தான் வாங்கினோம்."

இது கெட்ட நிறம் இல்லை, இந்த நிறம்தான் உங்களுக்கு நாற்றமில்லாமல் வைத்திருக்கிறது என்றேன். காட்டு ஓடைகளில் இலை ஊறி இப்படித்தான் ஓடும் என்றேன். ஓர் அம்மா, "எப்போ நீலமாகும்?" என்று கேட்டார். நீலமாகாது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மே கடைசியில் நடைபாதைத் திறப்பு விழாவாம். அதற்குள் தண்ணீர் "பார்க்கிற மாதிரி" ஆக வேண்டுமாம். போகும்போது தருண் லிஃப்ட் வரை வந்தார். மகளுக்கு இளைப்பு. போன கோடை முழுக்க பாசி வாடையில் இன்ஹேலரோடு கிடந்தாளாம். "இந்த வருஷம் தேவலைங்க மேடம். அதுக்கு தேங்க்ஸ்" என்றார். அதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் என்ன?

மே 19, திங்கள்

விடிய விடிய மழை. நகரமே தண்ணீரில். போக வழியில்லை. மதலைமுத்து போனில், "சாக்கடை மதகு தாண்டி உள்ள வருதுக்கா. பையெல்லாம் அடிச்சிட்டுப் போவுது."

மே 21, புதன்

போய்விட்டேன். முழங்கால் வரை சேறு. பாதிப் பைகள் மூழ்கிக் கரையோரம் அடைந்துகிடக்கின்றன. ஒன்றைப் புரட்டினேன், அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. எதை நடக்கக் கூடாதென்று கத்தினேனோ அதுவே நடந்திருக்கிறது. அந்த ஓரத்தில் ஆக்சிஜன் குறைவு. நடு ஏரியில் பரவாயில்லை. சாக்கடைச் சத்து வந்த தைரியத்தில் தெற்கே பச்சை மறுபடி தலைதூக்குகிறது.

பைகளை இழுத்துப் போட வேண்டும். மதலைமுத்துவின் படகு மழையில் பிளந்துவிட்டது. இன்னொரு படகு சனிக்கிழமை வரும். சனிக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

மே 24, சனி

விடியற்காலை போன். மௌரீன்தான் பேசினாள். "வாங்கக்கா. சீக்கிரம் வாங்க."

வெள்ளை. ஏரி வெள்ளையாக இருந்தது. வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மீன். கட்லா, ரோகு, கெண்டை, இன்னும் சுண்டுவிரல் அளவு குஞ்சுகள்—எல்லாம். சிலது இன்னும் வாயை மேலே நீட்டிக் காற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. மதலைமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று, உயிரோடிருப்பதை எல்லாம் அள்ளி அள்ளி டிரம்மில் போட்டுக்கொண்டிருந்தார். டிரம்மிலும் அதே தண்ணீர்தானே. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

தண்ணீர் தெளிவாக இருந்தது. அதுதான் முதலில் உறைத்தது. டீ நிறமும் இல்லை, பச்சையும் இல்லை. பாசி ஒரே ராத்திரியில் செத்து அடியில் படிந்திருந்தது. வைக்கோல் அப்படிச் செய்யாது. வைக்கோலால் முடியாது.

மௌரீன் கையைப் பிடித்துக் கரை மேட்டுக்குக் கூட்டிப்போனாள். கல்லில் நீலத் திட்டு. துருசு. மயில்துத்தம். செம்பு உப்பு. பாசியை அடியோடு கொல்லும். நேற்று மத்தியானம் இவர்கள் இருவரும் மார்க்கெட் போயிருந்தபோது யாரோ படகு கொண்டுவந்து ஏதோ தெளித்தார்கள் என்று பக்கத்து மாட்டுக்காரர் சொன்னாராம்.

மாதிரி எடுத்தேன். இரண்டு பாட்டிலைத் தவறவிட்டு உடைத்தேன்.

பத்து மணிக்குள் கூட்டம் கூடிவிட்டது. "அந்த வைக்கோல் மேடம்" என்று என்னைக் காட்டினார்கள். ஒருவன் அழுகிய பை ஒன்றைக் கரையில் இழுத்துப் போட்டுப் படம் எடுத்தான். அது நாறியது. நன்றாகவே நாறியது.

மே 25, ஞாயிறு

தருண் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் தூக்கமே இல்லை.

"ஏதோ தண்ணி கிளியர் ஆகற மருந்துன்னு சொன்னாங்க மேடம். பில்லுல வாட்டர் கண்டிஷனர்னுதான் போட்டிருக்கு. சத்தியமா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"ஏரிக் குழு விசாரணை வெக்கும், அதுல இதைச் சொல்வீங்களா?"

உள்ளே குழந்தை இருமியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வாட்டர் கண்டிஷனர்னு சொல்வேன்" என்றார்.

மே 29, வியாழன்

தண்ணீரில் செம்பு: அனுமதித்த அளவுக்குள்.

மறுபடி செய்தேன். அதே.

ஜூன் 1, ஞாயிறு

சமையல் ஓடவில்லை. இவர் கடையில் இட்லி வாங்கி வந்தார்.

தெரிந்துவிட்டது. நேற்றே தெரிந்துவிட்டது, எழுத மனசு வரவில்லை. வைக்கோலிலிருந்து கசியும் சேர்மங்கள் செம்பைக் கண்டால் சும்மா விடாது. பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டு, செத்த பாசியோடு சேர்ந்து சேற்றில் இறங்கிவிடும். மேலே இருக்கும் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். நான் போட்ட வைக்கோல்தான் அவர்கள் போட்ட செம்பை மறைத்திருக்கிறது.

சேற்றில் தேடினால்? இருக்கும். எப்போதும்தான் இருக்கும். சாக்கடையில் இருக்கிறது, வருஷா வருஷம் கரைக்கும் சிலைகளின் வண்ணத்திலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மழைக்கு முந்தைய சேறு எங்களிடம் இல்லை. திட்டத்தில் தண்ணீர் மாதிரி மட்டும்தான்.

சரி, செம்பு போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீனைக் கொன்றது அதுதானா? செம்பு பாசியைக் கொன்றிருக்கும். செத்த பாசி ஆக்சிஜனைத் தின்றிருக்கும். அழுகிய என் வைக்கோலும் தின்றிருக்கும். சாக்கடையும். யார் எவ்வளவு தின்றார்கள்? யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. தெரியலையே, சாமி, எனக்கே தெரியலையே.

ஜூன் 8, ஞாயிறு

மதலைமுத்து வந்தார், வீட்டுக்கு. முதல் தடவை. செருப்பை வெளியே ஓரமாக விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"வியாழக்கிழமை விசாரணையாம்க்கா. அவனுவ போட்டதுல செத்துச்சுன்னா எனக்கு நஷ்டஈடு தருவாங்க, குத்தகையும் நீட்டித் தருவாங்க. வைக்கோலுன்னா ஒண்ணும் இல்ல. ஏன்னா வைக்கோலுக்கு நானும் கையெழுத்துப் போட்டுருக்கேன்லா." தலையைத் தூக்கினார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். எக்கா, எது கொன்னுச்சு?"

"அவங்க துருசு போட்டாங்கன்னு கண்டிப்பா சொல்வேன் தம்பி."

"அது இல்லக்கா. கொன்னது எது?"

இவர் உள்ளே டிவியை நிறுத்திவிட்டார்.

"ரெண்டும் சேர்ந்திருக்கலாம். எது அதிகம்னு எனக்குத் தெரியலை."

"தெரியலைன்னு அங்கேயும் சொல்லுவீங்களா?"

காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, காபியை ஒரே மடக்கில் குடித்தார், மரியாதைக்காக. போய்விட்டார்.

கணேசமூர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவனுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா என்ன வேதா?"

அவர்கள் போட்டார்கள் என்பது நிஜம். அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன், முக்கால்வாசி நம்புகிறேன். மிச்சம் கால்வாசிக்காகவா ஒரு குடும்பம்? ஆனால் நாளைக்கு எவனாவது இன்னொரு ஏரியில் வைக்கோலை இறுக்கிக் கட்டிப் போட்டு, அங்கே மீன் செத்தால்? அப்போது இந்தக் கால்வாசி எங்கே போய் நிற்கும்?

ஜூன் 12, வியாழன்

ஏரிக் குழுவின் விசாரணை. மின்விசிறி ஓடவில்லை.

துருசு தெளித்தார்கள், கல்லில் திட்டு இருந்தது என்றேன். மாட்டுக்காரர் வரவில்லை. தருண் எழுந்து, வாட்டர் கண்டிஷனர் என்றார், உட்கார்ந்துகொண்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. என் சோதனை முடிவையே எடுத்து வாசித்தார்கள். செம்பு அனுமதித்த அளவுக்குள். வைக்கோல்தான் செம்பைப் பிடித்துச் சேற்றில் இறக்கியிருக்கும் என்று விளக்கினேன். குழுத் தலைவர் கன்னடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் புன்னகைத்தார்கள். நான் கன்னடம் தெரிந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது. 'செம்பு இருந்தாலும் அவளுக்குச் சாட்சி, இல்லாவிட்டாலும் அவளுக்குச் சாட்சி' என்றார். தப்பில்லை. அப்படித்தான் கேட்டது.

பிறகு அந்தக் கேள்வி. "மேடம், அழுகின வைக்கோல் ஆக்சிஜனைக் குறைக்குமா?"

"குறைக்கும்."

"மீன் சாகிற அளவுக்குக் குறைக்க முடியுமா?"

மதலைமுத்து கடைசி வரிசையில் இருந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மௌரீன் பக்கத்தில்.

"முடியும்" என்றேன். "ஆனால்—"

ஆனாலுக்கு அப்புறம் நான் சொன்னது எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஜூன் 13, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. 'பரிசோதனைக்காக இடப்பட்ட வைக்கோல் அழுகியதால் ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவு.' வைத்தீஸ்வரன் சாரின் கையெழுத்தும் இருக்கிறது. அறைக்குப் போய் நின்றேன்.

"நீங்க சொன்னதுதானேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "நான் மறுத்தா இந்த ஆய்வகத்துக்கு இனி எந்த ஏரியும் கிடைக்காது. இங்க இன்னும் பத்துப் பேர் இருக்காங்க."

நான் சொன்னதுதான். நான் சொன்னதில் பாதி.

ஜூன் 29, ஞாயிறு

கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தகரத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மௌரீன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திர மூட்டையைக் கட்டினாள். ஒரு முடிச்சையே மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எதற்கென்று கேட்பது? மதலைமுத்துதான் பேசினார்.

"நீங்க பொய் சொல்லலக்கா. அதான் தாங்க முடியல. பொய் சொல்லியிருந்தீங்கன்னா உங்களத் திட்டிட்டாவது போவேன்."

டெம்போ போன பிறகும் நின்றேன். தெற்குக் கரையில் பச்சை ஆடை விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. வைக்கோலும் இல்லை, துருசும் தீர்ந்துவிட்டது. சாக்கடை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை.

ஜூலை 31, வியாழன்

ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. ஜாடிகளை நானே கழுவிக் கவிழ்த்தேன். வைக்கோல் சாற்றை எல்லாம் தொட்டியில் ஊற்றினேன். எவ்வளவு அழகான நிறம். பழைய தேன் மாதிரி. தொட்டியில் சுழன்று ஓட்டைக்குள் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஏதாவது கோவிலுக்குப் போய்விட்டு வரலாமா என்றார் இவர். வேண்டாம் என்றேன். சினிமா? வேண்டாம். பிறகு அவரும் கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு அறையில். பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் துல்லியமாகக் கேட்கிறது.

அந்த விசாரணையில் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது, துணி காயப்போடும்போது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் 'முடியும்' என்றுதான் வருகிறது. வேறு எதுவும் வர மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? சரியென்றால் ஏன் சோறு இறங்கவில்லை?

செப்டம்பர் 8, திங்கள்

வேலை கிடைத்திருக்கிறது. கேன் தண்ணீர் கம்பெனியில் தரச் சோதனை. தினமும் அதே தண்ணீர், அதே அளவு, அதே முடிவு. ஒன்றும் வளராத தண்ணீர். நல்லது.

அக்டோபர் 26, ஞாயிறு

பஸ்ஸில் போகும்போது தெரியாமல் அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன். கரிகுண்டே ஏரியின் நடுவில் நீரூற்று வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரை மேலே வாரி அடிக்கிறது. நடைபாதையில் பிள்ளைகள் நின்று கை தட்டுகிறார்கள். பாசியின் நஞ்சு கலந்த அந்தச் சாரலைச் சுவாசிக்கக் கூடாது. இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். யார் நீங்கள் என்று கேட்பார்கள். வைக்கோல் மேடம் என்று எவனாவது சொல்வான்.

உட்கார்ந்துவிட்டேன். பஸ் நகர்ந்தது.

இதை எழுதும்போது நினைக்கிறேன், தருணின் குழந்தையும் அங்கே நின்றிருக்கலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

குளிர். காய்ச்சல். ஒன்றுமில்லை.

2026 பிப்ரவரி 8, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். ஈரக் கையோடு எடுத்தேன்.

"நான் மதலைமுத்து."

எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நானும் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார். சிந்தாமணிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குட்டையில் மீன் விட்டிருக்கிறார். தோட்டக்காரரும் இவரும் பங்கு. ஒரு வாரமாகத் தண்ணீர் பச்சைக்குத் திரும்புகிறதாம்.

"இங்க ராகி வைக்கோல் போரு போரா கெடக்குக்கா. போடவா?"

சாக்கடை எதுவும் வந்து சேருகிறதா என்று கேட்டேன். இல்லை, போர்வெல் தண்ணீர் மட்டும். வெயில்? நாள் முழுக்க. ஆழம்? அவர் நெஞ்சளவு. மழைத் தண்ணீர் பாய்ந்து வருமா? வராது, சுற்றிலும் மேடு. பையைத் தினமும் பார்த்துக்கொள்ள முடியுமா? "வீடே குட்டை மேலதான்க்கா." மௌரீன் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொடுப்பது கேட்டது. கேட்ட ஒவ்வொன்றுக்கும் சரியான பதில். ஜாடியில் இருப்பது போலவே எல்லாம் இருந்தது.

"அப்ப போட்டுரலாம்லா?"

குழாயை மூட மறந்திருக்கிறேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"வேண்டாம் தம்பி."

"வேண்டாமா?"

"வேண்டாம். தீனியைக் குறைங்க. மீனைக் கொஞ்சம் பிடிச்சு நெருக்கத்தைக் குறைங்க. அது போதும்."

மௌரீனிடம் 'வேண்டாங்காங்க' என்று சொல்வது கேட்டது.

"நீங்க சொன்னா சரிக்கா" என்றார். வைத்துவிட்டார்.

யார் என்று இவர் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "பார்த்தியா, உன்னைத்தானே தேடிக் கேட்டிருக்கான்" என்றார்.

சின்னக் குட்டை. நல்ல வெயில். சாக்கடை கிடையாது.

போட்டிருந்தால் வேலை செய்திருக்கும்.